கேட்டில் நிற்காத சைக்கிள்

எனக்குச் சைக்கிள் பைத்தியம். இதைச் சொல்வதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. குடிக்கிறவன் குடிக்கிறான், சீட்டு ஆடுகிறவன் ஆடுகிறான், நான் மிதித்தேன். தாயில்பட்டியிலிருந்து சிவகாசிக்கு வேலைக்குப் போக எல்லாரும் பஸ் பிடிப்பார்கள். நான் மிதித்துத்தான் போவேன். அச்சகத்தில் நாள் முழுக்க ஆஃப்செட் மெஷின் முன்னால் நின்றுவிட்டு, திரும்பவும் மிதித்துத்தான் வருவேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதுவும் போதாது. குற்றாலம் போயிருக்கிறேன். திருச்செந்தூர் போயிருக்கிறேன். ராமேஸ்வரம் போய் வந்து இரண்டு நாள் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறேன்.

ஏன் என்று கேட்டால் ஒரு பதில்தான் இருக்கிறது. அச்சகத்தில் ஒரே படம், ஒரே சாமி, ஒரே சிரிப்பு, ஆயிரக்கணக்கில் வந்து விழும். ரோட்டில் அப்படி இல்லை. ஒரு வேப்பமரம் ஒரு தடவைதான் வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மதுரையில் பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதை மதுரையிலிருந்து ஊர்வரைக்கும் ஓட்டிக்கொண்டே வந்தேன். ஊர் எல்லையில் முதலில் பார்த்தது என் மச்சான். அக்காள் புருஷன்.

"என்ன மாப்ளே, ஆட்டுக்கொம்பப் பிடிச்சுக்கிட்டு வாரே? முட்டாதா?"

அன்றிலிருந்து ஊரில் என் சைக்கிளுக்கு ஆட்டுக்கொம்பு என்றுதான் பேர். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்லும்.

மச்சானிடம் இருந்தது கறுப்பு இருபத்திரண்டு இஞ்ச். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் வாங்கிக் கொடுத்தது. கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருப்பார். பின்பக்க மட்கார்டில் பச்சை பெயிண்டில் ஒரு பட்டை அடித்திருப்பார். கேரியரில் அக்காள் உட்கார்ந்து உட்கார்ந்து கம்பி ஒரு பக்கம் தாழ்ந்துபோய் இருக்கும். அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் கலவை வேலை முடிந்துவிட வேண்டும் என்பதால் ஊர் எழுந்திருக்கும்போதே கிளம்பிவிடுவார். சாயங்காலம் வரும்போது காதுமடல், புருவம் எல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளி வெள்ளியாக இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சாமி வேஷம் போட்டவர் பாதி கலைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் சைக்கிளை உள்ளே விட மாட்டார்கள். இரும்பு உரசினால் தீப்பொறி வரும். கேட்டுக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டிருப்பார்கள், அங்கே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெடிச்சத்தம் கேட்டால், வீட்டில் இருக்கிறவர்கள் ஓடி வருவது அந்தக் கொட்டகைக்குத்தான். ஃபோர்மேனைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, அவன் முதல் ஆளாக ஓடியிருப்பான். வருகை நோட்டைக் கேட்டும் பிரயோசனம் இல்லை, அது அவன் கக்கத்தில் போயிருக்கும். அப்படியே இருந்தாலும் அதில் பாதிப் பேர் பெயர் இருக்காது. அதனால் சைக்கிளைப் பார்ப்பார்கள். தப்பித்தவன் வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான், வீட்டில் பயந்துவிடக் கூடாதே என்று. எடுக்க ஆள் வராமல் நிற்கிற சைக்கிள்தான் கணக்கு. போலீஸ்காரரும் அதைத்தான் எண்ணுவார், தலையாரியும் அதைத்தான் எண்ணுவார்.

இதனால் எங்கள் ஊரில் யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் இருந்தது. வேலை நாளில் சைக்கிளை இரவல் கொடுக்கக் கூடாது. வேன் வந்தாலும், லாரிக்காரன் கூப்பிட்டாலும், உன் சைக்கிளிலேயே போ. உள்ளே இருந்தால் உன் சைக்கிள் கேட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் நிற்க வேண்டும். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மச்சானுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு வருஷம் தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருக்கும்போது, சிவகாசியில் அச்சக முதலாளிகள் நாலு பேரும் ஒரு டாக்டரும் சேர்ந்து வைத்திருந்த சைக்கிள் குழு ஒரு நோட்டீஸ் போட்டது. அதை அச்சடித்ததே நான்தான். சிவகாசியிலிருந்து கன்னியாகுமரி வரை, ஒரே நாளில். ஓட்டுகிறவர்கள் தெரிந்தவர்களிடம் நன்கொடை பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதில் மதுரை ஆஸ்பத்திரித் தீக்காய வார்டுக்குக் கொசுவலையும் விரிப்பும் வாங்கிக் கொடுப்பார்கள். தாள் மெஷினிலிருந்து வரவர நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். கடைசித் தாள் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். கைலியோடு போனேன், மையோடு போனேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். கெட்டவர் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பி, இது டவுனுக்குப் போயிட்டு வர்ற மாதிரி இல்லப்பா. முடியுமா?"

"முடியும் சார்."

"சரி, ஒண்ணு செய். அதுக்கு முன்னாடி ஒரு நாள் கயத்தாறு வரைக்கும் போயிட்டு வா. அங்க எனக்குத் தெரிஞ்ச மருந்துக்கடை இருக்கு. அவர்கிட்ட நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்க. போக வர ஒன்பது மணி நேரத்துக்குள்ள முடிச்சிட்டா சேர்த்துக்கறோம்."

மற்ற யாரிடமும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். இறுக்கமான சைக்கிள் டவுசர் போட்ட குழுக்காரர்களிடம் கேட்டிருக்க மாட்டார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு எப்போதும் நல்லது செய்ததில்லை.

மச்சானிடம் சொன்னபோது சிரித்தார். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் கையில் தீப்பட்டு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தவர் அவர். முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி, வெந்த கத்தரிக்காய் மாதிரி இருக்கும்.

"கொசுவல கடையில கெடைக்காதாலே? அத வாங்க எதுக்குக் கன்னியாகுமரி வரைக்கும் போறீக?"

"இது சேரிட்டி மச்சான். உங்களுக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? அந்தக் கட்டில்ல படுத்தவன்லே நான்." சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி, போ. கயத்தாறு வரைக்கும் நானும் வாரேன். வழியில விழுந்து கெடந்தா தூக்கிப் போட ஆள் வேணும்லா."

அக்காள் உள்ளே இருந்து சத்தம் போட்டாள். "ரெண்டு கிறுக்கனும் சேந்துட்டீகளா? சீசன் நேரத்துல லீவு போட்டுட்டு ரோட்டுல சுத்தப் போறாகளாம்!"

போட்டார். எனக்காக லீவு போட்டார். ஃபோர்மேன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான் என்று சொன்னார்.

அன்றைக்கு விடிகிற நேரத்தில் இரண்டு பேரும் கிளம்பினோம். அக்காள் வாசல் தெளித்துக்கொண்டே, "மெதுவா போங்க, லாரிக்காரன் கண்ணு தெரியாம வருவான்" என்றாள். நான் ஆட்டுக்கொம்பில், மச்சான் தன் கறுப்பு சைக்கிளில். ஊரைத் தாண்டி இரண்டு மைல் போயிருக்க மாட்டோம். பின்சக்கரத்தில் கியர் மாட்டியிருக்கிற கொக்கி முறிந்து ஆரக்கம்பிக்குள் போய் மாட்டியது. சக்கரம் எட்டு மாதிரி நெளிந்துபோனது. அதைச் சரிபண்ண மதுரைக்குத்தான் போக வேண்டும்.

ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது என்றால் மிகையில்லை. முப்பது வயது ஆம்பிளை, சைக்கிளுக்காக.

மச்சான் இறங்கித் தன் சைக்கிளை என் பக்கம் சாய்த்தார்.

"இந்தா, பிடி."

"வேணாம் மச்சான்."

"பேரு குடுத்தது நீயா, நானா? நான் வந்து என்ன செய்யப் போறேன்? உனக்குக் காவல்தான. நீ போ. நான் இப்பிடியே கம்பெனிக்கு நடந்துருதேன், கூப்பிடு தூரம்தான். ஃபோர்மேனும் சந்தோசப்படுவான்."

அந்தச் சட்டம் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. எனக்கு வந்தது, அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் வந்தது. நான் வாய் திறக்கவில்லை. எனக்கு ஒன்பது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னலே முழிக்கே? ஒரு நாள்தான. போ, போ. நெளிச்சிக் கொண்டுவந்தே, உங்க அக்கா என்னக் கொன்னுருவா."

முறிந்த சைக்கிளைப் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் சாத்திவைத்தோம். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பெனிப் பக்கம் திரும்பினார். நான் சாத்தூர்ப் பக்கம் திரும்பினேன். திரும்பிப் பார்த்தேனா? இல்லை. கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

இனிமேல் சொல்லப்போவது எனக்கே பிடிக்காத விஷயம். அன்றைக்கு ஓட்டியது மாதிரி நான் என் வாழ்நாளில் ஓட்டியதில்லை.

அந்தக் கறுப்பு சைக்கிள் எனக்காகவே செய்த மாதிரி இருந்தது. கியர் கிடையாது, எடை அதிகம், ஆனால் மச்சான் அச்சுக்கு எண்ணெய் விட்டு அப்படி வைத்திருந்தார். சாத்தூர் தாண்டியதும் பெரிய ரோடு. நாலு வழிச்சாலைக்கு ஒரு பக்கம் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகத் தார் போட்ட பக்கத்தில் வண்டிகளை இன்னும் விடவில்லை. நான் தடுப்புக் கல்லைத் தாண்டி அதில் இறங்கிவிட்டேன். கறுப்பாக, வழுவழுவென்று, மைல்கணக்கில் யாரும் தொடாத ரோடு. காற்று முதுகில் இருந்தது. கரிசல் காடு இரண்டு பக்கமும் உழுது கிடந்தது. மயில் ஒன்று ரோட்டின் நடுவில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, பறக்காமல் நடந்தே போனது. நான் பாட்டுப் பாடினேன். எனக்குப் பாட வராது. கோவில்பட்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை.

கயத்தாறு மருந்துக்கடைக்காரர் சீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "நல்லா ஓட்டுறீங்களே" என்றார். அவர் கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் நான் அச்சடித்தது. அதைச் சொன்னேன். அவர் ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். அப்போது காலை பத்து மணிக்குப் பக்கம் இருக்கும்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கம்பெனியில் எல்லாம் முடிந்துவிட்டது.

திரும்பும்போது எதிர்காற்று. கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் இறங்கினேன். பதினொன்றரை. டீக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வெம்பக்கோட்டப் பக்கம் வெடிச்சிருச்சாம்லே. சிவகாசி பஸ்காரன் சொன்னான்."

நான் கேட்டேன். "அண்ணாச்சி, எந்தக் கம்பெனி?"

"எவனுக்குத் தெரியும்? சீசன் நேரம். எங்கனயாச்சும் ஒண்ணு போகத்தான செய்யும். நீங்க அந்தப் பக்கமா?"

"ஆமா."

"வீட்ல யாரும் வேலைக்குப் போறாகளா?"

"மச்சான் போறாக."

"ஒரு போன் போட்டுக் கேட்டுருங்களேன்."

கடை முகப்பிலேயே ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசுகிற பெட்டி இருந்தது. கை நீட்டினால் எட்டும். எங்கள் தெரு பலசரக்குக் கடை நம்பர் எனக்கு மனப்பாடம். சட்டைப்பையில் சில்லறை இருந்தது.

நான் நினைத்தது இதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். வெம்பக்கோட்டைப் பக்கம் எத்தனையோ கம்பெனி இருக்கிறது. நம்முடையதாகவா இருக்கப்போகிறது. போன் போட்டால் கடைக்காரர் ஆளனுப்பிக் கூப்பிட்டு வர கால் மணி நேரம் ஆகும். கால் மணி நேரம் போனால் ஒன்பது மணி நேரத்துக்குள் முடிக்க முடியாது. அந்த டவுசர்காரர்கள் முன்னால் சீட்டை நீட்ட முடியாது.

டீயைக் குடித்தேன். சைக்கிளில் ஏறினேன்.

ஊருக்குள் நுழைந்தபோது இரண்டு மணியைத் தாண்டிவிட்டது. கிளம்பியதிலிருந்து எட்டு மணி நேரம் ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. கடைகள் சாத்திக் கிடந்தன. தெருவில் ஆம்பிளைகள் யாரும் இல்லை. எந்தக் கம்பெனி என்று யாரும் சொல்ல வேண்டிய தேவையில்லை.

அக்காள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக்காரருடைய சைக்கிள் கேட்டில் நின்றிருக்கிறது. அந்தப் பெண் தரையில் கிடந்து அழுகிறாள், அக்காள் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு அவள் வாயில் ஊட்டப் பார்க்கிறாள். அழுது அழுது அக்காளுக்கும் கண் வீங்கியிருந்தது. எல்லாம் பக்கத்து வீட்டுக்காரிக்காக.

என்னைப் பார்த்ததும் செம்போடு எழுந்து ஓடி வந்தாள்.

"வந்துட்டீகளா! ஏலே தம்பி, என்ன நடந்துபோச்சுன்னு தெரியுமா? சத்தம் கேட்டதும் எனக்கு உசிரே போயிருச்சு. லீவுன்னு தெரிஞ்சும் மனசு கேக்காம ஓடுனேன். கேட்ல பாத்தேன், அவுக சைக்கிள் இல்ல. அதுக்கப்புறந்தான் மூச்சு வந்துச்சு. எல்லாரும் என்னக் கட்டிப் பிடிச்சு அழுதாக, நீ கும்புட்ட சாமி காப்பாத்துச்சுன்னு..." பேசிக்கொண்டே எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள். "எங்க, பின்னாடி வாராகளா?"

நான் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை.

அப்போதுதான் அவள் சைக்கிளைப் பார்த்தாள். பாதிச் சிரிப்போடு கேட்டாள். "அவுக வண்டிய நீ எதுக்குலே ஓட்டிட்டு வாரே? அவுகளுக்கு அந்த ஆட்டுக்கொம்பு ஓட்ட வராதே. விழுந்து கிழுந்து வச்சாகளா?"

"யக்கா, மச்சான் வேலைக்குப் போனாகக்கா."

அவளுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். என் வண்டி முறிந்தது, அவர் தன் வண்டியைக் கொடுத்தது, நடந்து போனது எல்லாம் சொன்னேன். அவள் செம்பைத் தரையில் மெதுவாக வைத்தாள், தண்ணீர் சிந்தாமல். கைப்பிடியில் சிவப்பு டேப்பைத் தொட்டுப் பார்த்தாள். பின்பக்கம் போய்ப் பச்சைப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் பாத்தேனே. கேட்ல நாலு தடவ பாத்தேனே."

செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு இறங்கினாள்.

அவர் உள்ளே போனதை யாரும் பார்த்திருக்கவில்லையா என்று கேட்பீர்கள். அவர் போய்ச் சேர்ந்த அறையில் சொல்வதற்கு யாரும் மிஞ்சவில்லை. ஃபோர்மேன் எப்போதும்போல ஓடிவிட்டான். நோட்டில் அவருக்கு லீவு என்று எழுதியிருந்தது. அவருடைய சைக்கிள் கேட்டில் இல்லை. அதனால் அவரை யாரும் தேடவில்லை. அடிபட்டவர்களை வேனில் அள்ளிப் போட்டபோது அதில் ஒருவராகப் போனார். கருகிய ஆளில் இவர் யார் என்று பார்க்கிறவர்களிடம் ஒரு பட்டியல் இருந்தது, நின்ற சைக்கிள்களின் பட்டியல். அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகும் ஒரு ஆள் மிச்சம் இருந்தார். பெயர் தெரியாத ஆண் என்று எழுதி மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அங்கிருந்து மதுரைக்கு வேனில் போனோம். வழி முழுக்க அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் கையை! விருதுநகர் தாண்டியதும் ஒரு தடவை கேட்டாள்.

"தண்ணி கேட்டிருப்பாகளோ?"

போய்ச் சேரும்போது ஆறு மணி. நாலரைக்கு அவர் போய்விட்டார்.

வார்டில் இருந்த நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை. எங்களைப் பார்த்ததும் யார் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"நீங்க இப்பதான் வாறியளா? கையில பழைய தீக்காயத் தழும்பு உள்ளவருக்க ஆளா?"

அக்காள் தலையாட்டினாள்.

"ரெண்டு மூணு தடவ முழிப்பு வந்துது. பேரு கேக்குறதுக்குள்ள மயங்கிருவாரு. வாய் அவ்வளவு வீக்கம். யாராவது வந்தாச்சான்னு மட்டும் கேட்டாரு. வந்துருவாங்கன்னு சொன்னேன். வரமாட்டாகன்னாரு. ஏன்னு கேட்டேன். சைக்கிள் அங்க இல்ல, அதனால வரமாட்டாகன்னாரு." நர்ஸ் கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொண்டார். "நான் என்ன நெனச்சேன்னா, வீட்டுல சைக்கிள்கூட இல்லாத ஏழைங்க போலன்னு. சைக்கிள் இல்லன்னா என்ன, பஸ் பிடிச்சு வருவாங்கன்னு சொன்னேன். எனக்கு வேற ஒண்ணும் தோணல்லம்மா."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு, கேட்டில் அக்காள் வந்து நிற்பதையும், கொட்டகையைப் பார்ப்பதையும், மூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவதையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இதை நான் எத்தனை தடவை நினைத்தாலும் பழகவில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் வீட்டுக்கு வந்தார். கூட இரண்டு பேர். வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஓட்டப்போகிறோம் என்றார். நான் முன்னால் போக வேண்டும் என்றார். நான் உள்ளே போய் அந்தச் சீட்டை எடுத்து வந்து அவர் கையில் திணித்தேன்.

"இந்தாங்க சார், எட்டு அம்பது. சந்தோசமா? நான் ஓட்டுவேன்னு இப்பவாச்சும் நம்புறீகளா?"

அவர் சீட்டை விரித்துப் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை. அவர் ஒன்பது மணி நேரம் என்று சொன்னார், போன் பண்ணாதே என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு யார் மேலாவது எறிய வேண்டியிருந்தது. அவர் முன்னால் நின்றார்.

அவர்கள் ஓட்டினார்கள். வலை வாங்கினார்கள். பின்னால் ஒரு நாள் அந்த வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலிலும் வெள்ளையாகத் தொங்குகிறது. நல்ல வலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதிலும் எனக்குக் கோபம்தான்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அக்காள் மச்சான் சைக்கிளை வாசலுக்கு உருட்டி வந்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. நான் போய்ப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டாள். உருட்டிக்கொண்டே நடந்தாள். நான் பின்னால் போனேன். கம்பெனி சீல் வைத்துக் கிடந்தது. கொட்டகைத் தகரத்தில் பாதி பறந்துபோயிருந்தது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், அவர் எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இங்கன நின்னுருந்தா நான் போயிருப்பேன்லா" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, சைக்கிளிடம் சொன்னாள்.

அடுத்த வருஷம் வேறு ஆள் பேரில் கம்பெனி திறந்தார்கள். புது ஃபோர்மேன் ஆளனுப்பினான், இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அக்காள் நேரே போனாள்.

"உள்ள போன ஆளு வந்து எடுக்கட்டும். எங்க ஊர்ல அதான் வழக்கம்."

சைக்கிள் இன்னும் அங்கேதான் நிற்கிறது. சிவப்பு டேப் வெளுத்துவிட்டது. டயர் மண்ணோடு ஒட்டிவிட்டது. மற்றவர்கள் அதற்கு இடம் விட்டுத்தான் தங்கள் சைக்கிளை நிறுத்துகிறார்கள்.

நான் சைக்கிளை விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். விடவில்லை. ஆறு மாதம் பஸ்ஸில் போனேன், பிறகு ஆட்டுக்கொம்பை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணினேன். கன்னியாகுமரிக்கும் போனேன், இரண்டு தடவை. காவல்கிணறு பக்கம் காற்றாலைகளுக்கு நடுவில் எதிர்காற்று ஆளைத் தூக்குகிறது, எல்லாரும் இறங்கித் தள்ளுகிறார்கள். நான் இறங்குவதில்லை. ஆனால் அந்தப் புதுத் தார் ரோட்டில் முதுகில் காற்று அடித்த காலை மாதிரி எதுவும் வரவில்லை. அந்தக் காலையை என் கால் மறக்க மாட்டேன் என்கிறது. மச்சான் வெந்துகொண்டிருந்த நேரத்தில் நான் பாடிக்கொண்டிருந்தேன்.

கோவில்பட்டி டீக்கடையை அக்காளிடம் நான் சொல்லவில்லை. என் சைக்கிள் முறிந்ததைச் சொன்னேன், அவர் வண்டியை வாங்கியதைச் சொன்னேன். அதை அவள் விதி என்று எடுத்துக்கொண்டாள். ஒரு நாள்கூட என்னைத் திட்டவில்லை. பதினொன்றரைக்கு நான் போன் போட்டிருந்தால் அவள் மூன்று மணிக்கு மதுரையில் இருந்திருப்பாள். ஒன்றரை மணி நேரம் அவர் பக்கத்தில் இருந்திருப்பாள். தண்ணீர் கேட்டாரா என்று அவள் யாரையும் கேட்க வேண்டி வந்திருக்காது.

அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மெதுவாக வாசிப்பாள். கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். அவள் கேட்கவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.